மின்யாக் தீர்ந்த தீபாவளி

போன மாதம் கவிதா போன் செய்தாள். பட்டர்வொர்த் பக்கம் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலேசிய ராணுவக் கிடங்கில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கேப்டன் அவள். மலாயில் மேடம், அதாவது புவான், என்றுதான் என்னை இன்னும் கூப்பிடுவாள். குரலில் அவ்வளவு குதூகலம்.

"புவான், புது சிஸ்டம் வந்துருச்சு! வெளியில இருக்கறவன் டேப்லெட்டத் தொட்டா போதும் லா. என்ன சாமான், எவ்வளவு, எல்லாம் இங்க திரையில வந்து நிக்கும். நாங்க எடுத்து அனுப்ப வேண்டியதுதான். இனிமே யாரையும் ஒரு கேள்வி கேக்க வேண்டாம்."

"ஒரு கேள்வி கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல, புவான்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சிஸ்டத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நாங்கள் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இவர்களுக்கு வேண்டாம், நல்லா இருக்கட்டும். ஆனால் கேள்வியே வேண்டாம் என்கிறாளே, அதுதான் பொறுக்கவில்லை. "அடியே, ஒரே ஒரு கேள்வியாலதான் நான் இந்த வேலையில நின்னேன், தெரியுமா?" என்றேன். அவளும் விடவில்லை. "அப்படின்னா வந்து சொல்லுங்க. அடுத்த மாசம் செபராங் ஜெயாவுல புதுப் பிள்ளைங்களுக்கு வகுப்பு இருக்கு." மேடையேறிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், நீயே படித்துக் காட்டு என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்னால் ஆட்கள் உடனே துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். பயிற்சியில் சுட்டதோடு சரி, அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் அரிசி, பூட்ஸ், பேட்டரி, கூடாரம், மருந்து, எரிபொருள் இவைதான். விநியோக அதிகாரி. ஒரு சாமான் தேவைப்படுகிறவன் கையில், தேவைப்படுகிற நேரத்தில் இருக்க வேண்டும். அது என் பொறுப்பு. சேர்ந்துவிட்டால் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. சேராவிட்டால் பட்டாளம் முழுக்க உங்கள் பெயர் தெரியும். நான் இந்தப் பிரிவில் சேர்ந்ததும் ஜார்ஜ்டவுனில் என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "யூனிபார்ம் போட்டுக்கிட்டு மளிகைக் கடை வெக்கவாடி போற?" என்று கேட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், விழுந்தோம், எழுந்து மறுபடியும் ஓடினோம். நான் வேலை கற்றுக்கொண்டது கர்னல் ஹாஷிமிடம்.

கர்னல் ஹாஷிம் எங்கள் கிடங்கின் தலைவர், எங்கள் எல்லாருக்கும் துவான், அதாவது ஐயா. குள்ளமான மனிதர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நீங்கள் பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், உங்கள் பூட்ஸைப் பார்ப்பார். நீங்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்த பிறகு, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்திலேயே பாதி உயிர் போய்விடும். அப்புறம் மெதுவாக, "உந்தோக் ஆப்பா?" என்பார். மலாயில், எதற்கு? அவ்வளவுதான் கேள்வி.

முதல் தடவை என்னிடம் அவர் அதைக் கேட்டது ஒரு கயிற்றுக்காக. ஒரு படைப்பிரிவு கயிறு கேட்டிருந்தது. கையெழுத்துக்குக் கொண்டுபோய் நின்றேன்.

"உந்தோக் ஆப்பா?"

"கயிறு, துவான்."

"என்ன என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்டேன்."

எனக்கு என்ன தெரியும்? கேட்டார்கள், கொடுக்கிறோம். அவர் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: கூடாரம் கட்ட ஒரு கயிறு, வண்டி இழுக்க ஒரு கயிறு, துணி காயப்போட ஒரு கயிறு. மூன்றுக்கும் பெயர் கயிறுதான். போய்க் கேட்டுவிட்டு வா. எரிச்சலோடு போன் போட்டேன். சேற்றில் புதைந்த லாரியை இழுக்கிறார்களாம். நான் அனுப்ப எடுத்து வைத்திருந்தது கூடாரக் கயிறு. லாரி இழுக்கும்போது அது அறுந்து தெறித்திருந்தால் யாருடைய முகமாவது கிழிந்திருக்கும். அந்த எரிச்சல் அப்படியே அடங்கிவிட்டது.

ஆனாலும் மனுஷன் படுத்தியபாடு கொஞ்சமா? பெயிண்ட் கேட்டால் உந்தோக் ஆப்பா. ஆணி கேட்டால் உந்தோக் ஆப்பா. ஒருநாள் வீட்டுக்கு வந்து என் கணவர் செல்வத்திடம் பொரிந்து தள்ளினேன். "எப்பப் பாத்தாலும் உந்தோக் ஆப்பா, உந்தோக் ஆப்பாங்கறாருங்க அந்த மனுஷன்!" செல்வம் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரோட அப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கர்னலுக்கு அப்பா என்றே பெயர் வைத்தாகிவிட்டது. "இன்னைக்கு அப்பா என்ன கேட்டாரு?" என்றுதான் இவர் எனக்குக் கதவையே திறப்பார்.

அந்தக் கேள்வியின் ருசி எனக்குப் பிடிபட்டது குரங்குகளால். காட்டுக்குள் முகாம் போட்டிருந்த ஒரு பிரிவு கொசுவலை கேட்டது. அவர்களுக்கு ஏற்கெனவே ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தோம். நானே போன் போட்டுக் கேட்டேன், எதற்கு? அந்தப் பக்கம் தயக்கம், அப்புறம் ஒரே சிரிப்பு. குரங்குகள் சமையல் கூடாரத்தில் புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனவாம், வலையைப் போட்டு மூடலாம் என்று யோசனையாம். குரங்குக்குக் கொசுவலை எம்மாத்திரம்? மூடிபோட்ட தகரப் பெட்டிகளை அனுப்பினேன். கர்னலிடம் போய், அவர் வாயைத் திறக்கும் முன்பே, "உந்தோக் மோன்யெட், துவான்" என்றேன், குரங்குக்கு என்று. அவர் மீசை லேசாக அசைந்தது. அவரிடம் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு கேட்பதற்கு நான் கூச்சப்படவே இல்லை. அதிகாரி கேட்டாலும் எதற்கு, சிப்பாய் கேட்டாலும் எதற்கு. என் முதுகுக்குப் பின்னால் 'புவான் ஆப்பா' என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருகிறேன்.

அந்த வாரம் முழுக்க வடக்கே கொட்டோ கொட்டென்று மழை. கெடா மாநிலத்தில் ஓர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. தோட்டத்து ஜனங்கள் தமிழ்ப்பள்ளியின் மேல்மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இறக்கிக் கொண்டுவர எங்கள் ஆட்கள் சிலரை முந்தின நாளே படகுகளோடு அனுப்பியிருந்தோம். அவர்களுக்குத் தலைவன் சார்ஜன் பெருமாள். எங்கள் லீவு எல்லாம் ரத்து. விடிவதற்கு முன்பே நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். செல்வம் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"தீபாவளியும் அதுவுமா, ஒரு சொட்டாவது வெச்சிட்டுப் போயேன்."

"தொப்பி வழுக்கும், விடுங்க. படகு வந்து சேரட்டும், அப்புறம் குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஃபெர்ரியைப் பிடிக்க ஓடினேன்.

கிடங்குக்குள் நுழையும்போதே ரகளை. களத்திலிருந்து வானொலியில் ஒரு செய்தி வந்திருந்தது. மழையில் பாதி வார்த்தை கரைந்து போய், மூன்று சொல்தான் தேறியது. "மின்யாக் ஹாபிஸ். செகெரா." எண்ணெய் தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு. கிடங்குக் கோப்பரல் ரோஸ்லி நல்ல சுறுசுறுப்பான பையன். செய்தியைக் கேட்டதும் சமையல் எண்ணெய்த் தகரங்களை லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டான். முந்தின நாள் போன சமையல் பிரிவு எண்ணெய் குறைவாக எடுத்துக்கொண்டு போனது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. போக்குவரத்துப் பிரிவின் கேப்டன் அஸ்மான் அதைப் பார்த்துவிட்டு மலாயில் கத்திக் குதித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளத்துல மீன் பொரிக்கவா போயிருக்கான் அவன்? பெட்ரோலை ஏத்துடா!"

இதைத் தமிழ் ஆட்கள் சிரித்துக்கொண்டு படிக்க வேண்டாம். மலாயில் பொரிக்கிறதும் மின்யாக், வண்டியில் ஊற்றுவதும் மின்யாக், தலையில் தடவுவதும் மின்யாக். நமக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 'எண்ணெய் ஊத்திட்டு வந்துடறேன்' என்று காரை எடுத்துக்கொண்டு போகிறோம். 'எண்ணெய் தீந்து போச்சு' என்று அடுப்படியிலிருந்து கத்துகிறோம். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கிறது, ஆனாலும் யாரும் பெட்ரோலில் வடை சுட்டதில்லை. ஏனென்றால் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. பெருமாள் எங்கே, எதன் முன்னால் நிற்கிறான் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டையும் ஏற்றி அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உணவும் எரிபொருளும் ஒரே லாரியில் போகக் கூடாது, அது எங்கள் வேலையின் முதல் விதி. பெட்ரோல் வாடை பிடித்த அரிசியை யானைகூடத் தின்னாது. சரி, இரண்டு லாரி அனுப்பலாம்தானே? அதுவும் முடியாது. தோட்டத்துக்குப் போக ஒரே பாலம்தான் மிச்சம். அதையும் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. நண்பகலுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு லாரியை விடுவோம், அதோடு மூடிவிடுவோம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. மழையில் ஹெலிகாப்டரும் எழும்பவில்லை. ஆக, ஒரு லாரி. தப்பான சாமானை ஏற்றி அனுப்பினால் திரும்ப அனுப்ப வழியே கிடையாது. பள்ளிக்கூடத்து மாடியில் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உந்தோக் ஆப்பா?" என்றேன் அஸ்மானிடம்.

"புவான், ப்ளீஸ் லா. படகுக்குப் பெட்ரோல் வேணும், வேற எதுக்கு?"

"நீங்க சொல்றீங்க. அவன் சொன்னானா?"

நான் பெருமாளின் கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். விரல் வலிக்கிறவரை அடித்தேன். அஸ்மானின் ஆட்கள் இதற்குள் சமையல் எண்ணெயை இறக்கிவிட்டுப் பெட்ரோல் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாக லைன் கிடைத்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் பெருமாளின் குரல்.

"புவான்! எண்ணெய் தீந்துருச்சு புவான்!"

"எதுக்குப் பெருமாள்? எண்ணெய் எதுக்கு?"

"போட்டுக்குத்தான்! போட்டு நின்னு போச்சு! தண்ணி பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுல ஏறுது புவான், மாடியில பிள்ளைங்க அழுவுது, இங்க கேக்குது!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அஸ்மானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் போட்டு என்றால் படகு என்று புரிந்தது. பார்த்தீர்களா என்று என்னைப் பார்த்தார். முந்தின நாள் அவனோடு பெட்ரோல் அனுப்பியது நான்தான். அவ்வளவு பெட்ரோலை ஒரு நாளில் எப்படிக் குடித்திருக்கும்?

"நேத்து அனுப்பின பெட்ரோல் என்னாச்சு?"

"அது இருக்கு புவான், நெறைய இருக்கு! எண்ணெய்தான் இல்லேங்கறேன்!"

"உன் பக்கத்துல நிக்குற போட்டு யாரோடது? நம்மளுதா?"

"நம்ம போட்டு ரெண்டையும் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு! இது கம்போங் ஆளுங்க போட்டு, பழைய எஞ்சின். எண்ணெய் இல்லாம ஒண்ண ஓட்டிப் பாத்தோம், இறுகி..."

அதோடு லைன் செத்துப் போனது.

எங்கள் வீட்டில் அப்போது செல்வத்திடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் வீதியே நீலப் புகையாகும். பெட்ரோல் மட்டும் ஊற்றினால் போதாது, கூடவே டூ டீ எண்ணெய் என்று ஒன்றை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதை வாங்கி வரச் சொல்லி என்னை எத்தனை தடவை விரட்டியிருப்பார்! கம்போங் என்கிற மலாய்க் கிராமத்து மீனவர்களின் பழைய படகு எஞ்சினுக்கும் அதே வைத்தியம்தான். அவர்களுக்குப் பெட்ரோலின் பெயர் பெட்ரோல். கலக்குகிற எண்ணெய்தான் மின்யாக். மீனவர்கள் பேச்சைப் பெருமாள் அப்படியே சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது சரி, நாங்கள் கேட்டதுதான் தப்பு.

எங்கள் படகுகள் எல்லாம் புது எஞ்சின், கலப்பு எண்ணெயே கேட்காது. அதனால் எங்கள் கிடங்கில், கப்பல் அளவுக்குச் சாமான் குவிந்து கிடக்கிற அந்தக் கிடங்கில், டூ டீ எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

"லாரியை நிறுத்துங்க" என்றேன்.

அஸ்மான் மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் அன்று அவருக்கு நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. பாலம் மூடப் போகிறது, மாடியில் ஜனங்கள், கையில் இருக்கிற பெட்ரோலை விட்டுவிட்டு இல்லாத சாமானுக்காக லாரியைப் பிடித்து வைக்கிறீர்களா என்று மலாயில் கத்தினார். "பாலம் மூடிட்டா, உங்க பேர்லதான் போகும் புவான்!" என்றார். போகட்டும் என்று நானும் கத்தினேன். கத்துவதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. திரும்பிப் பார்த்தால் கர்னல் ஹாஷிம் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது. இரண்டு பேர் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லாரியைப் பிடித்து வைத்திருக்கிறாய். உந்தோக் ஆப்பா?"

எத்தனை வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவள் நான்! ஒரே மூச்சில் சொன்னேன். "பெட்ரோல் இருக்கு துவான், படகு இருக்கு, ஓட்டுற ஆள் இருக்கு. கலப்பு எண்ணெய் மட்டும் இல்ல. பெட்ரோலை எறக்கிட்டு அரிசி, பிஸ்கட் ஏத்தட்டும், மாடியிலிருந்து எறங்குற ஜனங்களுக்குப் பசிக்கும். எண்ணெயை நான் மாக் மண்டின் மோட்டார் பட்டறையில வாங்கி, லாரி அங்க வரும்போது வழியிலேயே கொடுத்துடறேன்."

"இன்று தீபாவளி. அங்கே கடை திறந்திருக்குமா?"

"திறக்க வைப்பேன், துவான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் "பெர்கி" என்றார், போ.

ஜீப்பில் பறந்தேன். மாக் மண்டினில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கணேசன் அண்ணேதான் செல்வத்தின் வண்டிக்குக் குடும்ப டாக்டர். பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருப்பு. ஷட்டர் இறங்கியிருந்தது. மாடிப்படியில் கோலம், கதவில் மாவிலைத் தோரணம். படபடவென்று தட்டினேன். கணேசன் அண்ணே மனைவி பாக்கியம் அக்கா கதவைத் திறந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம், பின்னால் கூடம் முழுக்க எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்.

"அக்கா, அவசரம்! எண்ணெய் வேணும்!" என்றேன், மூச்சு வாங்க.

பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீபாவளி காலையில் யூனிபார்மும் வறண்ட தலையுமாக வந்து எண்ணெய் வேணும் என்று ஒருத்தி நின்றால் அவர் என்ன நினைப்பார்?

"ஐயோ, என் தாயி! நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் கூட வெக்காம வேலைக்கு வந்துட்டியா? வா, வா, இப்படி உக்காரு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் தொப்பி அவர் கையில் இருந்தது. உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய், சப்பென்று. அக்கா, அது இல்லக்கா, இந்த எண்ணெய் இல்லக்கா என்று நான் கத்தக் கத்த, அவர் 'கங்காதேவி, லட்சுமிதேவி' என்று சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டார். எதற்கு என்று சொல்லாமல் எண்ணெய் கேட்டவள் யார்? புவான் ஆப்பாதான்! உலகத்தையே கேள்வி கேட்ட வாய், தன் முறை வந்தபோது கோட்டை விட்டது. பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"டூ டீ எண்ணெய் அக்கா! மோட்டாருக்குப் போடுறது! தோட்டத்துல ஜனங்க வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க, போட்டு ஓடணும்!"

உள்ளேயிருந்து கணேசன் அண்ணே துண்டோடு எழுந்து ஓடிவந்தார். தலையிலிருந்து மூக்கு நுனி வரை எண்ணெய். "அதை மொதல்ல சொல்றதுதானே மா!" என்று படியில் தடதடவென்று இறங்கி ஷட்டரைத் தூக்கினார். அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டார். போதாது. உடனே போனை எடுத்து அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "டேய், டூ டீ இருக்கா? குளிக்கறத அப்புறம் பாத்துக்கலாம், கெளம்பி வா!" அடுத்த வரிசைச் சீனப் பட்டறைக்காரர் ஆ செங் தன் கடையைத் திறந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தமிழ் ஆட்கள் ஒவ்வொருவராக எண்ணெய் வழியும் தலையோடு, இடுப்பில் துண்டோடு, கையில் பாட்டில்களோடு வந்து சேர்ந்தார்கள். காசு எவ்வளவு என்று கேட்டேன். "போய்ச் சேந்தப்புறம் பேசிக்கலாம், போ மா" என்று கணேசன் அண்ணே என்னை அதட்டினார்.

லாரி வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த அஸ்மான் இறங்கி அந்தக் காட்சியைப் பார்த்தார். ரோட்டோரத்தில் எண்ணெய்க் குளியல் ஆட்கள் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றுகிறார்கள், நடுவில் நெற்றியில் எண்ணெய் வழிய நான். அவர் ஒரு பெட்டியைத் தானே தூக்கிப் பின்னால் வைக்கப் போனார்.

"கேப்டன்! அரிசி இருக்கு அங்க. இதை முன்னால உங்க மடியில வெச்சிக்குங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

இரண்டு பெட்டி மடியிலும், மற்றவை காலடியிலுமாக அவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கணேசன் அண்ணே ஜன்னல் வழியாக எட்டி, பெட்ரோலில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கையால் காட்டி மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். லாரி வடக்கே போனது. பின்னால் நாங்கள் எல்லாரும் மழையில் நின்றோம்.

கிடங்குக்குத் திரும்பி வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு, நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாலத்தைத் தாண்டியதா இல்லையா என்று எங்கிருந்தும் தகவல் இல்லை. ரோஸ்லி தேநீர் கொண்டுவந்து வைத்தான், அது ஆறி ஆடை படிந்தது. என் கணக்கு தப்பாக இருந்தால்? பெருமாள் சொல்ல வந்தது வேறு ஏதாவதாக இருந்தால்? அந்தப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு என் கண் முன்னாலேயே நின்றது, ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறியது. கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் கைப்பேசி அடித்தது. பெருமாள். எடுத்தால் பேச்சுக் குரல் இல்லை. டபடபடபவென்று ஒரு சத்தம் மட்டும். அப்புறம் இன்னொரு டபடப. அப்புறம் ஒன்று. ஒவ்வொன்றாக எஞ்சின்கள் உயிர் பிடிக்கிற சத்தம். அதற்கு மேலே பெருமாள் கூவினான்.

"கேக்குதா புவான்? ஓடுது புவான்! எல்லாம் ஓடுது!"

அப்படி ஒரு இனிமையான சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ரோஸ்லி மேசை மேல் ஏறிக் குதித்தான். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

பிற்பகலில் கடைசிச் செய்தி வந்தது. மாடியில் இருந்த எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. "கடைசியா தலைமையாசிரியர் எறங்கினாரு புவான், பள்ளிக்கூடத்து மணிய மடியில வெச்சிக்கிட்டு. அத விட்டுட்டு வர மாட்டேன்னுட்டாரு. அரிசி வந்துச்சு, ரசம் வெச்சிட்டோம். கேப்டன் அஸ்மான் சட்டையெல்லாம் டூ டீ வாடை, பக்கத்துல நிக்க முடியல" என்றான் பெருமாள். லாரி கடந்ததும் பாலத்தை மூடிவிட்டார்களாம். நாங்கள் பெட்ரோலை அனுப்பியிருந்தால், அந்தப் பீப்பாய்கள் முந்தின நாள் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றிருக்கும். ஜெயித்துவிட்டோம்! ஒரு கேள்வியால் ஜெயித்தோம். கவிதா, இதை வகுப்பில் கொஞ்சம் சத்தமாகவே படி.

உன் சிஸ்டத்தில் சாமான் பேருக்கு ஒரு கட்டம் இருக்கும், எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்லு: உந்தோக் ஆப்பா. போட முடியாது என்றால் போனை எடுத்துக் கேளு.

அன்று மாலை கர்னல் ஹாஷிம் என் அறைக்கு வந்தார். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சொல்லி முடித்ததும் அவர் கண்கள் மெதுவாக மேலே ஏறின. அத்தனை வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழேயிருந்து பாக்கியம் அக்காவின் நல்லெண்ணெய் ஒரு கோடாக வழிந்து என் புருவத்துக்கு வந்திருந்தது.

"மல்லிகா, அந்த மின்யாக்," என்று விரலால் காட்டினார். "உந்தோக் ஆப்பா?"

"உந்தோக் தீபாவளி, துவான்."

தலையை ஆட்டினார். வாசல் வரை போய், திரும்பாமலேயே நின்றார்.

"அப்படியானால் வீட்டுக்குப் போய்க் குளி" என்றார். "இது உத்தரவு."